பழைய பிக்கப்புக்குப் புதிய ரயர்

வவுனியாவுக்கு அப்பால் வயல் செய்யும் அன்பர் ஒருவர், தம் வீட்டில் எழுந்துள்ள வழக்கொன்றை இப்பகுதியின் தீர்ப்புக்கு விடுத்திருக்கிறார். அவரிடம் 1990களில் ஆக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று உண்டு. வேண்டியபோது நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வகை, 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். ரயர்கள் நான்கும் தேய்ந்துவிட்டன. முன்பக்கத்துக்கு மட்டும் பாவித்த ரயர் இரண்டு வாங்கி மாட்டி, இந்தப் போகத்தைக் கடத்திவிடலாம் என்பது தந்தையாரின் எண்ணம். உயர்தர வகுப்பில் பயிலும் மகனோ, 33 அங்குல உயரமுள்ள அகன்ற சேற்று ரயர்களையும், வெளியே தள்ளி நிற்கும் அலோய் றிம்களையும் கேட்கிறார். நெல் மூட்டை சுமப்பதும், மழை நாளில் சிறிய பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்வருவதும் அவ்வண்டியே.

2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆதலால் இத்தகைய பழைய வண்டிகளை இன்னும் பேணிவரும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. அவர்களுக்கும் பயன்படுமென்று வழக்கைச் சற்று விரிவாகவே விசாரிப்போம்.

முதலில் மகனாரின் கட்சி. இப்போதுள்ள ரயரின் பக்கத்தில் 205 ஆர் 16 என எழுதப்பட்டிருக்கிறதாம். 205 என்பது மில்லிமீற்றரில் அகலம். 16 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். இவற்றுக்கிடையில் வேறு எண் இல்லையாயின், ரயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 82 அளவினது என்று கொள்ளவேண்டும். கணக்குப் பார்த்தால் முழு விட்டம் ஏறக்குறைய 743 மில்லிமீற்றர். மகனார் விரும்பும் 33 அங்குலமோ 838 மில்லிமீற்றர். அதாவது நூற்றுக்கு 13 அளவில் மிகுதி. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 68 இல் ஓடிக்கொண்டிருக்கும். அதுகூடப் பெரிதன்று. ஏறக்குறைய 90 பரிவலுவே உடைய முதிய எஞ்சின், ஒவ்வொரு கியரிலும் இழுவையில் நூற்றுக்கு 11 அளவை இழந்து இழுக்கவேண்டும். பிரேக்கின் நிலையும் அதுவே. சில்லின் ஆரை நீண்டால், அதே தூரத்தில் வண்டியை நிறுத்தப் பிரேக் அத்தனைக்கத்தனை கூடுதலாக இறுக்கவேண்டும். முப்பது வயதான பிரேக்கிடம், மூட்டைகளும் பிள்ளைகளும் ஏறியிருக்கையில், இதைக் கேட்பது நியாயமன்று. கைமாறாக வண்டி பெறும் உயர்வு எவ்வளவு? விட்டத்தின் மிகுதியிற் பாதிதான் அச்சை உயர்த்தும், 47 மில்லிமீற்றர். மூன்று விரற்கடைகூட இல்லை. போதாக்குறைக்கு, சில்லை முழுவதும் திருப்பும்போது அவ்வகன்ற ரயர் வில் தகடுகளிலும் மட்காட்டிலும் உராயவும் கூடும்.

சேற்றைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. அகலமே சேற்றுக்கு மருந்து என்பர். அடியில் இறுகிய தரையுள்ள சேறாயின், ஒடுங்கிய ரயரே மேற்சேற்றை வெட்டி இறங்கிக் கெட்டி நிலத்தைப் பிடிக்கும். வன்னியின் கிறவல் ஒழுங்கைகளில் மாரிக்குப் பின் கிடக்கும் சேறு பெரும்பாலும் இவ்வகையினது. அடியே காணாத உளையில் மட்டும் அகன்றது மிதக்கும். அங்கே மூட்டையோடு பிக்கப்பை இறக்காதிருப்பதே உத்தமம். மணலுக்கோ ரயரை மாற்றவே வேண்டியதில்லை. காற்றைக் குறைத்தால் ரயர் நிலத்தில் பதியும் நீளம் கூடிவிடும். திரும்பத் தார் வீதி ஏறுமுன் காற்றை நிரப்ப மறத்தலாகாது.

எம்.ரி. எனப்படும் சேற்று ரயரின் பெரிய கட்டைகளுக்கிடையே வெளி அதிகம். நனைந்த தாரிலே அது பதியும் பரப்புக் குறைவு, நிறுத்த எடுக்கும் தூரம் கூடும், இரைச்சலும் பெரிது. ஏ9 வீதியில் மழைக்கால மாலையிற் குறுக்கே மாடு வந்து நிற்கும்போது இதன் பொருள் விளங்கும். எச்.ரி. என்னும் நெடுஞ்சாலை ரயர் தாரில் மிக நன்று; வயல் ஓரத்தில் வழுக்கும். இவ்வன்பருக்கு ஏற்றது இடைப்பட்ட ஏ.ரி. என்பதே எமது துணிபு.

இனித் தந்தையாரின் கட்சி. இவ்வகைப் பிக்கப்பில் நான்கு சில்லு இயக்கத்தைப் பூட்டியதும், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் செல்லும் தண்டுகள் ஒன்றாகப் பிணைந்து ஒரே அளவு சுழலும். முன்னே 10 மில்லிமீற்றர் ஆழமுள்ள புது ரயரும், பின்னே 2 மில்லிமீற்றராய்த் தேய்ந்ததும் இருந்தால் விட்டத்தில் 16 மில்லிமீற்றர் வேறுபாடு, நூற்றுக்கு இரண்டு. ஒரு கிலோமீற்றர் ஓடுகையில் முன்னதும் பின்னதும் 20 மீற்றர் வேறுபட்ட தூரம் போக முயலும். சேற்றில் அந்த மிகுதி வழுக்கிக் கழியும். இறுகிய தரையிலோ தண்டும் கியருமே அதைத் தாங்கித் திருகுண்ணும். கியர்ப்பெட்டி திருத்தும் செலவுக்கு முன் இரண்டு ரயரின் விலை ஒரு பொருட்டன்று. நான்கையும் ஒரே இனத்தில், ஒரே நாளில் வாங்குக. ரயர்கள் ஒத்திருந்தாலும் உலர்ந்த தார் வீதியில் இவ்வியக்கத்தைப் பூட்டவே கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின்னவற்றினும் நீண்ட வழி செல்வதால் அதே திருகல் நேரும்.

பாடசாலைப் பிள்ளைகள் இதைத் தாமே அளந்து பார்க்கலாம். ரயரில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி நாடாவால் அளந்தால் போதும். முன்னதும் பின்னதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும். வண்டியை உருட்டப் பெரியவர் ஒருவர் அருகில் நிற்கவேண்டும்.

பாவித்த ரயர் வாங்கியே தீரவேண்டியவர், கறுப்புப் பூச்சைப் பார்த்து ஏமாறாது, பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் பொறித்த நான்கு இலக்கங்களைத் தேடுக. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்தது. ஓடாமற் கிடந்தாலும் றப்பர் முதுமை அடையும். செய்வோர் பலர் 10 ஆண்டை இறுதி எல்லையாகக் கூறுவர். நம் வெயிலில் அவ்வெல்லை வரை போகாதிருத்தல் நன்று. சுமையின் குறியீடும் அங்கேயே உண்டு. 110 என்றால் ஒரு ரயர் தாங்குவது 1,060 கிலோகிராம். 104 என்றால் 900. மலிவென்று கார் ரயரை மாட்டுவோர் இழப்பது இதனையே.

205 ஆர் 16 கிடைக்கவில்லையாயின், 225/75 ஆர் 16 என்பதன் விட்டம் 744 மில்லிமீற்றர்; ஏறக்குறைய அதுவே. றிம்மின் அகலம் 6 அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

றிம்மைப் பொறுத்தவரை பழைய இரும்பே போதும். கல்லில் அடிபட்டால் அது நெளியும், தட்டி எடுக்கலாம். அலோய் வெடித்தால் அவ்வளவுதான். ஆறு ஆணிகள், 139.7 மில்லிமீற்றர் வட்டம் என்ற அமைப்பு நிசான், மிற்சுபிசி, இசுசு வண்டிகள் பலவற்றிலும் இருப்பதால் கண்ட றிம்மையும் மாட்டிப் பார்க்கும் ஆசை எழும். நடுத்துவாரம் வண்டிக்கு வண்டி வேறு. ஹைலக்ஸின் சில்லுக் குடத்துக்கு 106 மில்லிமீற்றர் வேண்டும். வெளியே தள்ளி நிற்கும் றிம், நெம்புகோல்போல் பெயாரிங்கை வருத்தும், சுக்கானையும் இழுக்கும்.

ஆயினும் மகனார் என்றேனும் உழைத்து அலோய் வாங்குவாராயின், ஒன்றை மட்டும் கேட்டு வாங்குக. இரும்பு றிம்முக்குரிய நட் கூம்பு முகம் உடையது. டொயோட்டாவின் சொந்த அலோய்க்குரியதோ தட்டையான வளையமும் நீண்ட கழுத்தும் கொண்டது. ஒன்றுக்கு மற்றது இறுகியதுபோலத் தோன்றும், இறுகியிராது. எந்த றிம்மானாலும், மாட்டி 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டும். வண்டியின் அடியில் தொங்கும் ஐந்தாவது சில்லின் காற்றையும் அன்றே பார்த்துவிடலாம்.