முதலில் கிரீஸ் கன், அப்புறம் பவர் ஸ்டியரிங்!

எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில், பழைய அம்பாசடர் வைத்திருக்கும் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "சின்ன மாருதியோட பவர் ஸ்டியரிங் செட்டைக் கழற்றி இதுல மாட்டிடலாம்பா. ஞாயித்துக்கிழமை ஒருநாள் வேலை." அடுத்த வாரம் ஒருத்தர் மாட்டியே விடுவார். அதற்கடுத்த வாரம் அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

நண்பர்களே, இந்தக் கூத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. திட்ட விரும்புகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை. எங்களுடையது 1984 மாடல், மார்க் 4. தாத்தா வாங்கியது. அப்பாவுக்கு வலது தோள்பட்டையில் வலி. வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் முகம் சுருங்கிவிடும். சித்தப்பா ஒரு டேனரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அண்ணன் படும் பாடு பொறுக்காமல் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் செட்டை வாங்கி வந்தார். ராடு அளவு சேரவில்லை. இரண்டையும் அறுத்து, நடுவில் ஒரு பைப்பைச் சொருகி, சுற்றி வெல்டிங் வைத்தார். நான் இன்ஜினியரிங் படிக்கிறவன் என்ற தைரியத்தில், "சித்தப்பா, இது தாங்குங்களா?" என்று கேட்டேன். "டேய், டன் கணக்கில் தோல் சுத்துற டிரம்மோட ஷாஃப்ட்டையே வெல்டிங் வெச்சு ஓட்டுறோம். இது எம்மாத்திரம்?" என்றார்.

ஒரு விரலில் ஸ்டியரிங் திரும்பியது. அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். மறுநாள் பாட்டியை வேலூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டோம். அதற்கு அடுத்த நாள் காலை, வாசலில் வண்டியைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் சுற்றுகிறது, சக்கரம் நேராகவே நிற்கிறது. வெல்டிங் விட்டுப்போயிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த "டக்" முந்தின நாள் நெடுஞ்சாலையில் கேட்டிருந்தால்? அன்றைக்குச் சித்தப்பா சாப்பிடவில்லை.

டிரம் ஷாஃப்ட் உடைந்தால் உற்பத்தி ஒருநாள் நிற்கும். ஸ்டியரிங் ராடு உடைந்தால் எது நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டுமே இரும்புதான், இரண்டுமே சுற்றுவதுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். அம்பாசடர் ஸ்டியரிங் ஏன் கனமாக இருக்கிறது? "அந்தக் கால வண்டி, அப்படித்தான்" என்பது சோம்பேறிகளின் பதில். இந்தக் காரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ. பெரிய ஸ்டியரிங் வீல் கொடுத்திருப்பதே கைக்குப் பலம் கிடைக்கத்தான். 1950களின் கடைசியிலிருந்து 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை, எத்தனை லட்சம் டாக்ஸி டிரைவர்கள் இதை நாள் முழுக்க ஓட்டியிருப்பார்கள்? அவர்களெல்லாம் பயில்வான்களா?

கனத்துக்கு நான்கு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, முன்சக்கரம் திரும்பும் மூட்டுகளில் கிரீஸ் வறண்டிருக்கும். அங்கே நிப்பிள் வைத்திருப்பது அழகுக்கு அல்ல, அடிக்கடி கிரீஸ் கன்னை வைத்து அடிப்பதற்கு. இரண்டு, முன் டயரில் காற்று குறைவு. மூன்று, கம்பெனி கொடுத்த 5.90-15 டயரை எடுத்துவிட்டு 'லுக்'குக்காக அகல டயர் போட்டிருப்பீர்கள். நான்கு, வீல் அலைன்மென்ட் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

எங்கள் வண்டியில் இந்த நான்கில் மூன்று இருந்தது! மூட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிரீஸ் இல்லை, மண்தான் இருந்தது. தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் அடித்து, டயரையும் பழைய அளவுக்கு மாற்றினோம். பவர் இல்லாமலே பாதி கனம் குறைந்தது.

என் வாதத்தின் மையம் இதுதான்: கனமான ஸ்டியரிங் ஒரு புகார். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று வண்டி சொல்கிறது. நீங்கள் மோட்டாரை மாட்டி அதன் வாயை அடைக்கிறீர்கள். வறண்ட மூட்டு வறண்டபடியே இருக்கிறது, மோட்டார் மட்டும் அதை முரட்டுத்தனமாகத் திருப்புகிறது. முன்பு கைக்குத் தெரிந்த தேய்மானம் இப்போது தெரிவதில்லை. ஒருநாள் மூட்டே கழன்று சக்கரம் மடங்கும்போதுதான் தெரியும்.

கரண்ட் கணக்கையும் பார்ப்போம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்த மோட்டார் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். பழைய வண்டியில் இருக்கும் டைனமோ நல்ல வேகத்தில் ஓடினாலே 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஆக, உங்களுக்குப் பவர் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் டைனமோ தூங்குகிறது. மொத்தச் சுமையும் பேட்டரி தலையில்! போதாததற்கு, இந்த மோட்டாரை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தைக் கேட்கும். வேகம் கூடக்கூட உதவியைக் குறைப்பது அதன் வேலை. அம்பாசடரில் அந்த சிக்னலே கிடையாது. எல்லா வேகத்துக்கும் ஒரே அளவு உதவி என்று செட் செய்துவிட்டால், 80-இல் போகும்போது தும்மினாலே லேன் மாறிவிடும்.

"என் வண்டி, என் இஷ்டம், உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே வசனத்தை நம் வட்டாரம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. "என் டேனரி, என் தண்ணி" என்று பாலாற்றில் கழிவை விட்டார்கள். 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும். தான் செய்வதால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் செய்கிறவனுக்கே. ஆற்றுக்குச் சரியான இந்த நியாயம் ரோட்டுக்கு மட்டும் தப்பா? எதிரே டூவீலரில் குழந்தையோடு வருகிறவர் உங்கள் வெல்டிங்குக்குச் சம்மதம் கொடுத்தாரா?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கை வைக்கும் முன் ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் "ஒரிஜினாலிட்டி" கோஷ்டி கைதட்டும். தயவுசெய்து வேண்டாம், நான் உங்கள் கட்சி இல்லை. பவர் ஸ்டியரிங் போட்டால் புனிதம் கெட்டுவிடும் என்று ஜல்லியடிக்கிறீர்கள். அமெரிக்காவில் கிரைஸ்லர் 1951-லேயே அதை விற்பனைக் காரில் கொடுத்துவிட்டது; அது ஒன்றும் நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு வண்டியைத் துடைத்து வெளியே எடுக்கிறவருக்குத் தோள்வலி தெரியாது. தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியும். வயதானவர்கள், தோள் போனவர்கள், உயரம் குறைவானவர்கள் பழைய வண்டியை ஓட்ட ஆசைப்படுவது குற்றமா?

வேண்டியவர்கள் போடட்டும். ஆனால் ஒழுங்காகப் போடட்டும். முதலில் மேலே சொன்ன நான்கையும் சரிசெய்யுங்கள். ராடில் வெல்டிங் கூடவே கூடாது. பல் வெட்டிய சரியான கப்ளிங்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டும் போல்ட்டும் போட வேண்டும். மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் பாடியோடு அசையாமல் நிற்க வேண்டும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வர வேண்டும், தனி ஃபியூஸ் வேண்டும். கடைசியாக, பவரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வண்டி திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வண்டியில் உங்கள் அம்மாவை ஏற்றாதீர்கள். இதெல்லாம் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிகிற வேலை இல்லை.

அப்பாவின் தோள்வலி முழுதாகப் போகவில்லை. இன்னும் வண்டியைத் திருப்பும்போது லேசாக முனகுகிறார். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு அவர் பக்கத்து சீட், நான் ஸ்டியரிங். மாதம் ஒருமுறை சித்தப்பா கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் படுக்கிறார். உடைந்த அந்த வெல்டிங் துண்டைத் தன் டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.