திறந்த பெட்டியில் புதுக் காமிரா!

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவர், புதுக் காமிரா வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 2 லட்சம் ரூபாய். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்!

கடைக்காரர் பெட்டியை எடுத்து வைக்கிறார். முத்திரை கிழிந்திருக்கிறது. "புதுசுதான் சார், பயப்படாதீங்க" என்கிறார்.

நம்பலாமா?

பெட்டியைத் திறந்தது குற்றம் அல்ல. கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காகத் திறந்திருக்கலாம். ஆனால், யாரோ ஒருவர் வாங்கிப்போய், ஒரு மாதம் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகவும் இருக்கலாம் அல்லவா?

அதைக் காமிராவே சொல்லிவிடும்! நிக்கான் டி-850 போன்ற காமிராக்கள், ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்ற கணக்கைப் படத்துடன் பதிவு செய்கின்றன. கடையிலேயே ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கணக்கு பத்து, இருபது என்றால் சரி. ஆயிரக்கணக்கில் இருந்தால், அது உபயோகித்த காமிரா!

பழைய பொருளைப் புதியது என்று விற்பதும், ரசீது தர மறுப்பதும் முறைகேடான வியாபாரம் என்கிறது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கூறலாம்.

நல்ல வியாபாரி, கேட்பதற்கு முன்பே "இது திறந்த பெட்டி" என்பார். காரணத்தைச் சொல்வார். விலையைக் குறைப்பார். ரசீதிலும் எழுதிக் கொடுப்பார். அவரைத் தாராளமாக நம்பலாம்.

எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம். வாய்ச்சொல் கடையோடு போய்விடும். ரசீதுதான் வீடு வரை வரும்!