கயிறு மாற்றும் முன்

ஆவணி மூலத் திருவிழாவுக்காகத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருளும் நாட்களில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. நரியைப் பரியாக்கிய கதை தெரியாத மாணவர் மதுரைப் பக்கம் இல்லை. ஆனாலும் அரசறிவியல் வகுப்பில் நாம் அதைத் தொடுவதில்லை, பக்திக்கு உரியது என்று விலகிக்கொள்கிறோம். பக்தியை அதற்குரிய இடத்தில் வைத்துக்கொண்டே பார்த்தாலும், கதை ஒரு பாதுகாப்புக் கொள்முதலில்தான் தொடங்குகிறது. பாண்டியனின் குதிரைப்படைக்குப் புதுக் குதிரைகள் வேண்டும். கடல் கடந்து வந்து இறங்கும் குதிரைகளை வாங்கக் கருவூலப் பொன்னோடு அமைச்சரான மாணிக்கவாசகர் கீழைக் கடற்கரைக்குப் போகிறார். பொன் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவாகிவிடுகிறது. கடைசியில் குதிரைகள் மதுரைக்கு வந்து சேர, விற்பவரும் அரசனும் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். கயிறு மாறிய பிறகு குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவர் பொறுப்பல்ல. அன்றிரவே அவை நரிகளாகின்றன.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தால் நம் துறைக்கு இன்னும் நெருக்கமான செய்திகள் கிடைக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரை அனுப்பிய ஜமாலுத்தீனின் ஒப்பந்தத்தை வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியக் கருவூலமே விலை தர வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர், காயல் துறைமுகம் அவர் பொறுப்பில் இருந்தது. அதாவது விற்கிற குடும்பமே வாங்குகிற இடத்திலும் அமர்ந்திருக்கிறது. அதே காலத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியதை நாம் ஒவ்வொரு ஆண்டும் மாணவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்த குதிரைகளில் ஆண்டு முடிவில் மிஞ்சியவை மிகச் சில. பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. குதிரை வைத்தியரை இந்தப் பக்கம் வரவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! உதிரிபாகம், பராமரிப்பு, தொழில்நுட்பப் பகிர்வு என்று இன்று கொள்முதல் குழுக்கள் மல்லுக்கட்டும் அத்தனையும் இதற்குள் இருக்கிறது.

பாண்டியன் அவையில் இந்த ஷரத்துகளை யாராவது எதிர்த்துக் கேட்டார்களா என்பதற்குச் சான்று இல்லை. இன்றைக்கு நமக்குக் கேட்க இடமிருக்கிறது. நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்கு நிலைக்குழு இருக்கிறது, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) இருக்கிறார். ரஃபேல் விமானங்கள் பற்றிய சிஏஜி அறிக்கை 2019 பிப்ரவரியில் அவைக்கு வந்தபோது விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. முந்தைய விலைப்புள்ளியைவிட 2.86 சதவீதம் குறைவு என்ற முடிவு மட்டும் வெளியே தெரிந்தது. விமானத்தின் ஆயுத அமைப்பை எதிரிக்குத் தெரியாமல் காப்பது நியாயம். கொடுத்த விலையை மக்கள் பிரதிநிதிகளிடமிருந்தே மறைப்பது நியாயமில்லை என்பது இந்த இதழின் கருத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையிலேயே வர வேண்டும். அங்கே வராவிட்டால் பிறகு எங்கும் வருவதில்லை.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சொற்போர்களில் வெளியுறவுத் தலைப்பு என்றால் நம் பகுதியில் அது பெரும்பாலும் கச்சத்தீவுதான். ஓர் அணி ‘தாரை வார்த்தார்கள்’ என்று தொடங்கும், மறு அணி ‘நட்புறவு’ என்று பதில் சொல்லும். குரல் உயரும், கைதட்டல் விழும். இந்தியாவும் இலங்கையும் கச்சத்தீவு பற்றிச் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது, ஆறாவது ஷரத்துகளைப் படித்துவிட்டு மேடையேறிய மாணவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. இது மாணவர் குற்றமல்ல. அந்த ஷரத்துகளை அவர்கள் படிக்கும் தமிழில் நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

ஐந்தாவது ஷரத்தின்படி இந்திய மீனவரும் பக்தர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் போவது இதன் அடிப்படையில்தான். ஆறாவது ஷரத்து, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. இதில் மீன்பிடிப்பு அடங்குமா? அடங்கும் என்று சொல்ல விரும்புகிறவர் 1976 மார்ச் 23-ஆம் தேதி இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைச் செயலர் ஜயசிங்கவும் மாற்றிக்கொண்ட கடிதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த வாட்ஜ் கரை இந்தியாவின் பொருளாதார மண்டலத்தில் வந்ததும் அந்த ஆண்டின் ஏற்பாட்டில்தான். இதை எந்த அணியும் சொல்லி நாம் கேட்டதில்லை.

தேதிகளையும் மாணவர் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் 1974 ஜூன் 26 கொழும்பிலும் 28 புதுதில்லியிலும் கையெழுத்தாயிற்று. நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அறிக்கை வைத்தது ஜூலை 23. கையெழுத்தான பிறகுதான் பேச்சு. இரா. செழியனும், உசிலம்பட்டிக்காரரும் அன்றைய இராமநாதபுரம் உறுப்பினருமான பி.கே. மூக்கையாத் தேவரும் மக்களவையில் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 1976 கடிதங்களின்போது அதுவும் இல்லை. நெருக்கடிநிலை அமலில் இருந்தது. சனவரி 31 அன்றே தமிழக அரசு கலைக்கப்பட்டிருந்தது. மீனவரின் வாழ்வை 1974-ஐவிட அதிகம் பாதித்த ஆவணம், தமிழ்நாட்டில் பேச ஒரு பேரவையே இல்லாத நேரத்தில் பிறந்தது. கச்சத்தீவு பற்றி நமக்கு இருக்கும் கோபத்தில் நியாயமான பங்கு இங்கே இருக்கிறது. மேடையில் அது எப்போதும் வேறு எங்கோ போய் விழுகிறது.

சட்ட வாதமும் வளமானது. பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-இல் தந்த கருத்தின்படி, இந்திய நிலத்தை வேற்று நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோது இதைத்தான் முன்வைத்தார். எல்லையே வரையறுக்கப்படாத இடத்தில் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது மத்திய அரசின் நிலை. இரண்டும் வலுவான வாதங்கள். நல்ல பயிற்சியாளர் ஒரே மாணவரை இரண்டு பக்கமும் பேசவைப்பார்.

பாக் நீரிணையில் எதிரே நிற்பது யார் என்பதையும் சொல்லிக் கொடுக்காமல் விடக் கூடாது. அடிமடி இழுவை வலையால் தங்கள் வலைகள் அறுந்ததாகவும் கடலடி வளம் அழிவதாகவும் முறையிடுகிறவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னாரின் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்ததில் அவர்கள் முறையீட்டுக்குப் பங்கு உண்டு. இலங்கைக் கடற்படை கைதுசெய்யும் இராமேசுவரத்து, மண்டபத்து மீனவரின் துயரம் உண்மை. படகு போனால் குடும்பம் கடனில் மூழ்கும். இரு கரைத் துயரத்தையும் ஒரே மேடையில் பேச முடியாத சொற்போருக்கு வெளியுறவுக் கொள்கை என்று பெயர் வைக்கக் கூடாது.

மாணிக்கவாசகரைப் போலவே புலவர் கபிலரும் திருவாதவூரில் பிறந்தவர் என்பது மரபு. பறம்பு முற்றுகையின்போது மூவேந்தரைப் பார்த்து அவர் பேசுவதாக வரும் புறநானூற்றுப் பாட்டை நாம் வீரத்துக்காகப் படிக்கிறோம். அவர் அடுக்குவதோ கையிருப்பு: உழாமலே கிடைக்கும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் பசியால் இந்த மலை விழாது என்று கணக்குச் சொல்லி வாதாடுகிறார். ‘உணர்ச்சியோடு பேசு’ என்று மாணவரை மேடைக்கு அனுப்பும் ஆசிரியர்கள், கணக்கோடு பேசவும் அவரிடமிருந்தே கற்றுத் தரலாம்.

இந்த ஆண்டுச் சொற்போர்களுக்குத் தலைப்பு வகுக்கப் போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கச்சத்தீவை மீட்க வேண்டுமா, வேண்டாமா’ என்பதை விட்டுவிடுங்கள். 1976 கடிதத்தில் எந்த வரியைத் திருத்தக் கேட்பது, அதற்கு ஈடாகக் கொழும்புக்கு எதைத் தருவது, இழுவை மடியை எத்தனை ஆண்டில் நிறுத்துவது என்று தலைப்பைக் கொடுங்கள். 1974 ஒப்பந்தத்தையும் 1976 கடிதங்களையும் தமிழில் நடுப்பக்கங்களில் தந்திருக்கிறோம். அந்தப் பக்கங்களைப் படியெடுத்து, எந்த அணி எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதற்கு ஒரு வாரம் முன்பே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.