போட்டோ யாருக்கு?

உங்க ஃபேமிலி குரூப்லயும் இந்த போட்டோ வந்திருக்கும்: அமெரிக்காவில் இருக்கும் அக்கா குழந்தை, பக்கத்தில் மிக்கி மவுஸ். எல்லாரும் சிரிக்க, குழந்தை மட்டும் வீறிட்டு அழும்.

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 'ஷெஃப் மிக்கீஸ்'னு ஒரு உணவகம். காலை டிபன் சாப்பிடும்போது மிக்கி, மின்னி, கூஃபி எல்லாம் ஒவ்வொரு மேசைக்கும் வருவாங்க. 3 வயசுக்குள்ள இருந்தா சாப்பாடு இலவசம். அதனாலேயே சீக்கிரம் கூட்டிட்டுப் போகத் தோணும். ஆனா போன்ல விரல் அளவு பார்த்த மிக்கி, இவ்வளவு பெரிய தலையோட, ஒரு வார்த்தை பேசாம பக்கத்தில் வந்து நின்னா?

போகவேண்டாம்னு சொல்லல. அடுத்த மேசையில் மிக்கி விளையாடறதை முதல்ல பார்க்கட்டும். தூரத்திலிருந்தே டாட்டா காட்டட்டும். வேணாம்னு தலையாட்டினா, பிடிச்சுத் தள்ளாதீங்க. தான் 'வேணாம்'னு சொன்னா பெரியவங்க கேட்பாங்கன்னு அந்தக் குழந்தை நம்மகிட்டதான் கத்துக்கணும். அதுக்காக ஒரு போட்டோ போனா போகட்டுமே!