குற்றப்பத்திரிகைக்கு முன்பே அரசு வழக்கறிஞர்

அகமதாபாத்தில் ஆறு வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த குறைகளைப் பட்டியலிட்ட நீதிமன்றம், புலனாய்வு முடிந்ததும் வழக்குத் தொடரும் துறை சுயமாக ஆராய்ந்து, ஓட்டைகளை அடைக்கச் செய்ய வேண்டும் என மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இன்றும் பல வழக்குகளில், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகே கேஸ் கட்டு அரசு வழக்கறிஞர் கைக்கு வருகிறது. முதல் தகவல் அறிக்கையில் ஒரு நேரம், மகஜரில் வேறு நேரம் இருப்பது குறுக்கு விசாரணையில்தான் அம்பலமாகிறது. அப்போது எதையும் திருத்த முடியாது. குற்றவாளி தப்புகிறார், ஆதாரமே இல்லாமல் சிக்கவைக்கப்பட்டவரோ பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைகிறார்.

அரசு உதவி வழக்கறிஞர்களைக் காவல் துறையின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துத் தனிப் பிரிவாக்கும்படி 1995-இலேயே மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் வழக்குத் தொடர்வு இயக்குநரகத்தை, காவல் துறை இருக்கும் அதே உள்துறையின் கீழேயே வைத்திருக்கிறது. 7 முதல் 10 ஆண்டுக்குள் தண்டனை உள்ள வழக்குகளில் காவல் துறை அறிக்கையைத் துணை இயக்குநர் ஆராய வேண்டும் என்கிறது. கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை.

புலனாய்வில் வழக்கறிஞர் தலையிடுவதா என்று காவல் துறை கேட்பதில் நியாயம் உண்டு. குற்றப்பத்திரிகைக்கு முன் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டே தீர வேண்டும் என்று புலனாய்வு அதிகாரியை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது எனத் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைப் பிடிப்பது, எங்கே தேடுவது என்பது காவல் துறையின் வேலைதான். ஆனால் திரட்டிய ஆதாரம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது சட்டம் அறிந்தவர் சொல்ல வேண்டியது. இங்கிலாந்தில் 1986 முதல் வழக்குத் தொடரும் பணியைத் தனி அமைப்பு செய்கிறது. கடுமையான வழக்குகளில் குற்றம் சாட்டுவதையும் அதுவே முடிவு செய்கிறது.

குற்றப்பத்திரிகை தாமதமாகும், அதற்கான 60 அல்லது 90 நாள் கெடு தவறிக் கைதானவருக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. கடைசி நாளில் கேஸ் கட்டை நீட்டாமல், முதல் வாரத்திலேயே கலந்து பேச வேண்டும்.

எனவே, 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள எல்லா வழக்குகளிலும் குற்றப்பத்திரிகைக்கு முன் அரசு வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்தை நாடாளுமன்றம் கட்டாயமாக்க வேண்டும். அதை ஏற்காத அதிகாரி காரணத்தைப் பதிவு செய்யட்டும். இயக்குநரகம் உள்துறையிலிருந்து சட்டத் துறைக்கு மாற வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் அரசு வழக்கறிஞர்களை மாற்றும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். காவல் துறையைக் கேள்வி கேட்கத் துணிவுள்ள அரசு வழக்கறிஞரே பாதிக்கப்பட்டவருக்கும் பொய் வழக்கில் சிக்கியவருக்கும் ஒருசேரப் பாதுகாப்பு.