ஏரியைச் சுற்ற ஒரு பாஸ்

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கோபமாக இருந்தார். பேரன் பேத்திகளோடு கொடைக்கானல் கிளம்பியிருக்கிறார். இ-பாஸ் எடுக்க மறந்துவிட்டார்கள். வழியில் வண்டியை நிறுத்தி, மருமகன் செல்போனில் பதிவு செய்து முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விட்டதாம். "ஏப்பா, நம்ம ஜில்லாவுக்குள்ள போறதுக்கு நாம பாஸ் வாங்கணுமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் பாஸ் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், 1978-இல், முதன்முதலாகக் கொடைக்கானல் போனேன். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை. 1985-இல்தான் மதுரையிலிருந்து பிரித்தார்கள். பெரியம்மா மகளை நாயுடுபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கினோம். விடிந்தும் விடியாததுமாக இருவரும் ஏரியைச் சுற்றுவோம். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பனிமூட்டத்தில் எதிரே வருபவர் முகம் தெரியாது, குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் முன்னால் வரும். திரும்பும்போது அம்மாவுக்கு மலைப்பூண்டும் ஒரு கூடை பேரிக்காயும் வாங்கி வந்தோம்.

அந்த ஏரி இயற்கையாக வந்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. அதற்கு முன் 1845-இல், மதுரைச் சீமையின் காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே போய் வீடு கட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே பளியர்கள் அந்த மலையில் இருந்தார்கள். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. தூசியும் புகையும் இல்லாத வானம் வேண்டும் என்றுதானே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்! சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் அங்கிருந்து கண்டுபிடித்து 1909-இல் உலகத்துக்குச் சொன்னார்.

ஆக, நல்ல காற்றுக்காகவும் அமைதிக்காகவும் உண்டான ஊர் அது. இன்று மே மாதத்தில் போய்ப் பாருங்கள். மூஞ்சிக்கல்லில் வண்டி நின்றால் நின்றதுதான். ஏரிச்சாலையில் நடக்க இடமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு நெஞ்சுவலி. நாயுடுபுரத்திலிருந்து வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். ஊரைத் தாண்டவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முன்னும் பின்னும் சுற்றுலா வண்டிகள். இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாலும் அவர்கள்தான் எங்கே ஒதுங்குவார்கள், ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். அத்தான் பிழைத்துக்கொண்டார். ஆனால் அக்கா இன்னும் சொல்வாள்: "நீங்க எல்லாரும் ரெண்டு நாள் பார்க்க வர்ற ஊருலதான்டா நாங்க வருஷம் பூரா இருக்கோம்."

சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மறு வருடம் ஏப்ரலில் சீசனுக்கு ஒரு கணக்கும் வைத்தார்கள்: வாரநாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. இதுவே அந்தச் சின்ன ஊருக்கு அதிகம் என்பது என் எண்ணம்.

குதிரைக்காரர், சுண்டல் விற்பவர், சாக்லேட் கடைக்காரர் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாஸ் தடுப்பது வண்டியை, மனிதரை அல்ல. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையே இல்லை. நான்கு பேருக்கு ஒரு கார் போகிற சாலையில் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போகலாம். ஆகவே சீசனில் வத்தலக்குண்டிலிருந்து அடிக்கடி பஸ் விட வேண்டும், வண்டிகளைக் கீழேயே நிறுத்த இடம் தர வேண்டும். அதைச் செய்யாமல் பாஸை மட்டும் வைத்தால், செல்போன் தெரியாத நம்மைப் போன்ற கிழங்களுக்குத்தான் கஷ்டம். அந்த விஷயத்தில் நண்பரின் கோபம் நியாயமே.

நமக்கு வேறு ஒரு கடமையும் இருக்கிறது. திண்டுக்கல்காரர்கள் குடிக்கிற ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் இந்த மலைத்தொடரிலிருந்து இறங்கி வருவதுதான். மேலே நாம் போடுகிற குப்பை யாரோ ஒருவர் வீட்டுக் குப்பை அல்ல.

நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற ஆவணியில், சீசன் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு, நாங்கள் இருவரும் பஸ்ஸிலேயே போகிறோம். அக்கா வீட்டில் தங்கல். முழங்கால் ஒத்துழைத்தால் ஏரியை ஒரு முழுச் சுற்று. இல்லாவிட்டால் பாதி சுற்றிவிட்டு, கரையில் உட்கார்ந்து ஒரு டீ. அதற்கு எந்தப் பாஸும் வேண்டாம்.