கீறல் விழுந்த தோடி

"உமக்கு ஸங்கீத ருசி எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் குரு கடாக்ஷம்" என்று சொல்வதுதான் மரியாதை. உண்மை என்னவோ வேறு. நம்முடைய ருசியில் பாதி, சிறு வயதில் கைக்கு அகப்பட்ட இசைத்தட்டுகளைப் பொறுத்தது. என் விஷயத்தில் அந்தத் தட்டுகள் மொத்தம் நாலு.

1980-களின் நடுவில் அண்டை வீடுகளிலெல்லாம் காஸெட்டு இயந்திரம் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்திலோ தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி சிம்மாசனம் ஏறி இருந்தது. அவர் சேர்த்த தட்டுகளில் பெரும்பான்மை உடைந்து போயின. அரக்கு கலந்து செய்த பண்டமல்லவா? கை நழுவினால் அப்பளந்தான். மிஞ்சியவை நாலு: கிட்டப்பாவின் பாட்டு, துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் பிடில், தனம்மாளின் வீணை, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி.

பத்து வயதில் எனக்குக் கிட்டப்பாதான் தெய்வம். 1906-இல் பிறந்து 1933-இல், 27 வயதிலேயே மறைந்துவிட்ட அந்த மனிதரின் குரல் மேல் ஸ்தாயியில் மின்னலைப் போல் ஓடும்போது, ஸங்கீதம் என்றால் வேகம் என்றே எண்ணியிருந்தேன். பிடில் கற்கத் தொடங்கிய பிறகு நாயுடுவின் தட்டு அந்த எண்ணத்தைத் திருத்தியது. வில்லை அவசரப்படுத்தாமல் நீள இழுத்தால் ஒரே ஸ்வரம் எவ்வளவு பேசும் என்பதை அதில் கண்டேன். தனம்மாளின் தட்டு மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பின் அவர் வாசித்துப் பதிவான வீணை அது. முள்ளின் இரைச்சலுக்கு அடியில் நாதம் மெல்லிய இழையாக ஓடும். சென்னையில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளில் ரஸிகர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். நானும் மூச்சை அடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த வீணை என் காதில் விழுந்தது.

தட்டைக் குருவாகக் கொள்வதில் சங்கடங்களும் உண்டு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது சுமார் 3 நிமிஷம். மணிக்கணக்கில் தோடியை விஸ்தரித்த மேதையும் அந்தச் சிமிழுக்குள் அடங்கியாக வேண்டும். அதையே அளவாகக் கொண்ட பையன், ராகம் என்றால் 3 நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறான். அன்றியும், நிமிஷத்துக்கு 78 முறை சுற்ற வேண்டிய தட்டு, சாவி தளர்ந்து 74 முறை சுற்றினால் ஸ்ருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். நான் பிடிலின் பிருடையைத் திருகிக்கொண்டே தட்டின் பின்னால் இறங்கிப் போவேன். தாத்தா எழுந்து சாவி கொடுத்ததும் மறுபடி ஏறி வருவேன்!

இனி, தோடிக்கு வருகிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் அந்தத் தட்டில் ஒரு கீறல் இருந்தது. அந்த இடம் வந்ததும் முள் இரண்டு மூன்று சுற்றுகளைத் தாண்டிக் குதிக்கும். சுற்றுக்கு முக்கால் விநாடி என்றால், இரண்டு விநாடி ஸங்கீதம் காணாமற் போகும். கீழே நின்றுகொண்டிருந்த நாயனம் மறுகணம் எங்கோ மேலே இருக்கும். "ஆஹா, என்ன துணிச்சலான பிடி!" என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். மாதக்கணக்கில் சாதகம் செய்து, அந்தத் தாவலை அப்படியே பிடிலில் கொண்டுவந்தேன்.

பதினேழாவது வயதில் அதைப் பெருமையுடன் என் வாத்தியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "தம்பி, இது பிள்ளைவாளின் பிடியா, முள்ளின் பிடியா?" என்றார். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. "கீறலைக்கூடப் பாடம் பண்ணியிருக்கிறாயே! அவ்வளவு கேள்வி ஞானம் இருக்கிறது, சந்தோஷம். அந்த ஓட்டையை நீயே அடைத்துக்கொண்டு வா. அதற்கப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு விநாடி ஓட்டையை அடைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மற்ற இடமெல்லாம் பிள்ளையவர்கள் கை பிடித்து அழைத்துச் சென்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தனியாக நடக்க வேண்டியிருந்தது. எத்தனையோ விதமாக வாசித்துப் பார்த்து, வெட்கப்பட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். என் தோடியில் எனக்கென்று சொந்தமானது அந்த இரண்டு விநாடிதான்.

சென்ற மாதம், பதினாலு வயதான என் பெண் கைப்பேசியில் அந்தத் தட்டின் கீறலில்லாத பிரதியைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, நீங்கள் சொல்லிக்கொடுத்த இடம் இதில் வேறாக இருக்கிறதே! நான் எதை வாசிக்கட்டும்?" என்று கேட்டாள்.

நாற்பது வருஷமாக நான் கேட்டறியாத இரண்டு விநாடியை முதன்முறையாகக் கேட்டேன். நான் மூன்று மாதம் பாடுபட்டு எட்டிய இடத்தை அவர் பாடே இல்லாமல் கடந்து போயிருந்தார். "அவருடையதுதான் உயர்ந்தது" என்றேன். சொல்லும்போது தொண்டை சற்று அடைத்தது. "ஆனால் உடனே வாசித்துவிடாதே, அம்மா, நூறு தரம் கேள்" என்றும் சொன்னேன்.

அவள் கைப்பேசியில் ஆயிரம் வித்வான்கள் இருக்கிறார்கள். எனக்கு இருந்தவர்கள் நாலே பேர். வேறு வழி இல்லாததால் நூறு தரம் கேட்டேன். அவளோ வழியெல்லாம் திறந்திருக்கும்போது மனமாரக் கேட்க வேண்டும். அது என் பாட்டைவிடக் கஷ்டமான சாதகம் என்றே தோன்றுகிறது.

ஒரு வாரமாக அவள் அறையிலிருந்து தோடி கேட்கிறது. அந்த இடம் வரும்போது கேட்பது பிள்ளையவர்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. இன்னும் சரியாகப் படியவில்லை. நான் கதவைத் தட்டாமல் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.